கோட்டின் தடிப்பு

ஒன்றுக்குப் பத்தாயிரம்.
அரை மில்லிமீட்டர் பேனா.
ஆகவே நான் இழுக்கும் கோடு
நிலத்தில் ஐந்து மீட்டர் அகலம்.
இதைக் கந்தோரில் யாரும் சொல்லித் தரவில்லை.
சோற்றுப் பார்சல் சுற்றிய தாளில்
நானே பெருக்கிப் பார்த்தேன்.

இந்தப் பக்கம் மஞ்சள்: குடியிருப்பு.
அந்தப் பக்கம் பச்சை: சதுப்பு, தொடக் கூடாது.
கோடு கறுப்பு.
கறுப்புக்குச் சட்டத்தில் பெயரில்லை.

செவ்வாய்க்கிழமை நூற்றெழுபத்தேழில் ஏறி
கறுப்பைப் பார்க்கப் போனேன்.

மதில்கள் முடிகிற இடத்தில் கங்குன் பாத்தி.
முழங்கால் நீரில் நின்று அறுக்கிறாள் பியசீலி.
பிடி பிடியாய் வாழைநாரில் கட்டி
விடியுமுன் சந்தைக்கு அனுப்ப வேண்டும்.
கோடு எங்கே, மிஸ்? என்று சிங்களத்தில் கேட்டாள்.
என்னிடம் சிங்களம் கொஞ்சம்,
அவளிடம் சிரிப்பு நிறைய.
நீ நிற்கிற இடம்தான் என்று சொல்ல
இரண்டு மொழியிலும் வாய் வரவில்லை.

பத்தடி தள்ளி
கனகசபேசனின் ஆறு பேர்ச்.
ஓமானில் பதினொரு வருடம்; உறுதி மகளின் பேரில்.
முந்திய இரவு நான்கு லொறி கபுக் மண்.
குவியலடியில் பின்வாங்கிய நீர்
அடுத்தவன் கிணற்றடியைத் தேடிப் போயிருந்தது.
“தங்கச்சி, சுத்திவர எல்லாரும் நிரப்பிட்டாங்கள்.
என்ர காணி மட்டும் குளமாக் கிடக்கவோ?”
அவர் கணக்கில் பிழை தேடினேன்.
கணக்கில் இல்லை, வரிசையில் இருந்தது:
அவர் கடைசியாக வந்தவர்.

மின்கம்பத்தில்
பல்கலைக்கழகப் பிள்ளைகள் கட்டிய கமரா.
இரவு இரண்டு பதினேழு.
மதகுக் குழாயால் வெளியே வருகிறது
மீன்பிடிப் பூனை ஒன்று.
புதுமண்ணை மணக்கிறது,
தும்முகிறது,
கீரைப் பாத்தியின் ஓரமாய்
என் கோட்டின் மேலேயே நடக்கிறது.
மஞ்சளுக்கும் இறங்கவில்லை, பச்சைக்கும் இறங்கவில்லை.
அதற்கு ஒன்றரைச் சாண் போதும்.

வெள்ளி, கூட்டம்.
ஏசிக் குளிர், பால்தேநீர், இஞ்சி பிஸ்கட்.
வீதிக்காரர், வடிகால்காரர், வனவிலங்குக்காரர்:
மூவருக்கும் மூன்று வரைபடம்.
ஒன்றில் அந்தச் சதுப்பு நாலு வழிச் சாலை,
ஒன்றில் மழைநீர்த் தொட்டி,
ஒன்றில் சரணாலயம்.
மூன்றையும் யாரும் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில்லை.
நான் அடுக்கினேன்,
ஜன்னல் கண்ணாடியில், வெயில் பட.
கொஞ்ச நேரம் எவரும் பிஸ்கட் கடிக்கவில்லை.

பிறகு உதவிப் பணிப்பாளர் கேட்டார்:
“கோட்டின் எந்த விளிம்பு எல்லை?
உள் விளிம்பா, வெளி விளிம்பா?”
சிரித்தார்கள்.
கோட்டுக்குள்ளேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன்.
கூட்டக் குறிப்பில் எழுதினார்கள்:
வரைவாளர் ஒரு கருத்துத் தெரிவித்தார்.

அன்று மாலை பிளேட்டால்
அந்த ஓர் அங்குலத்தை மட்டும் சுரண்டினேன்.
கடதாசி மெலிந்து மறுபக்கம் தெரிந்தது.
பென்சிலால் எழுதினேன், பொடி எழுத்தில்:
இங்கே கங்குன்.
இங்கே இரவில் வழி.
இங்கே ஆறு பேர்ச், மழைக்குப் பிறகு கேட்கவும்.

மழை ஞாயிறு தொடங்கியது.
மூன்று நாள்.
கொலன்னாவைக்குப் படகு போனது.
நாங்கள் பத்தாயிரத்தில் ஒன்றாய் வரைந்ததை
தண்ணீர் ஒன்றுக்கு ஒன்றாய் வரைந்தது,
மஞ்சள் பச்சை பாராமல்,
ஒரே பழுப்பில்.

புதன் விடிய நாலரைக்குத் தொலைபேசி.
கனகசபேசன். குரல் தணிந்து,
பக்கத்தில் யாரோ நித்திரை போல.
“தங்கச்சி, சுத்திவரத் தண்ணி.
என்ர மண்குவியல் மட்டுந்தான் மேல நிக்குது.
அதில பூனை ஒண்டு படுத்திருக்கு,
குட்டியோட.
பியசீலியின்ர கீரைக் கட்டுகளும் அங்கதான்.
சொல்லுங்கோ,
இப்ப இது ஆற்ற காணி?”